அம்மாவின் குரலை மேடையேற்றுவது: கிறிஸ்டெலா அலோன்சோவின் தொழிலிலிருந்து

அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நெட்வொர்க் ஒன்றில் தன் சிட்காமை, அதாவது அரைமணி நகைச்சுவைத் தொடரை, தானே உருவாக்கி, தயாரிப்பிலும் பங்கெடுத்து, நாயகியாகவும் நடித்த முதல் லத்தீனா (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்), மேடை நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ்டெலா அலோன்சோ. அது நடந்தது 2014இல். அந்த "முதல்" என்ற சொல்லைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவருடைய தொழில் நுணுக்கத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. வீட்டில் ஸ்பானிஷ், வெளியே ஆங்கிலம் என்று வளர்ந்தவர் அவர். தன் வீட்டைக் கேலிப்பொருளாக்காமல், கண்ணீர்க் கதையாகவும் ஆக்காமல், அந்த வீட்டுக்குள் ஒருநாளும் கால்வைக்காதவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். அது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. இரண்டு மொழிக்கு நடுவே வளர்ந்து நகைச்சுவை எழுத நினைக்கும் யாருக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முதலில் ஊர். அவர் வளர்ந்தது டெக்சஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இருக்கும் சான் ஹுவானில். ஆற்றுக்கு அந்தக் கரையில் மெக்சிகோவின் ரெய்னோசா. வடக்கே போனால் ஃபால்ஃபூரியஸ் பக்கத்தில், நாட்டுக்குள்ளேயே, எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி. ஆற்றுக்கும் சாவடிக்கும் நடுவில் இருக்கிற வாழ்க்கை அது. குடியேற்றக் காகிதம் சரியாக இல்லாத குடும்பங்களுக்கு உலகமே அந்தத் துண்டு நிலம்தான். 1979 ஜனவரியில் பிறந்த கிறிஸ்டெலா நான்கு பிள்ளைகளில் கடைசி. அம்மா நத்தாலியா தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தார். மெக்சிகன் உணவகமொன்றில் இரட்டை ஷிப்ட் வேலை. கிறிஸ்டெலாவின் முதல் ஏழெட்டு வயது வரை குடும்பம் தங்கியிருந்தது கைவிடப்பட்ட ஒரு டைனர் (சிறு உணவகம்) கட்டடத்தில்.

ஆங்கிலத்தை அவர் கற்றுக்கொண்டது தொலைக்காட்சி பார்த்து. பேட்டிகளில் பலமுறை சொன்ன செய்தி இது. பலரும் இதை ஒரு சுவையான துணுக்காகக் கடந்துபோகிறார்கள். என் பார்வையில் அவர் தொழிலின் அடித்தளமே இதுதான். எண்பதுகளின் சிட்காம் வசனத்துக்கு ஒரு கட்டு உண்டு: ஒரு தகவல், அதை உறுதிப்படுத்தும் இன்னொரு தகவல், மூன்றாவதாக அதைக் கவிழ்க்கும் வரி, பிறகு சிரிப்புக்கான இடைவெளி. இலக்கணப் புத்தகத்துக்கு முன்பே இந்தத் தாளம் காதில் ஏறிவிட்ட குழந்தைக்கு, பேச்சே சிட்காம் நடையில்தான் வரும். நீங்கள் இரண்டாம் மொழியை எங்கிருந்து பிடித்தீர்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். கிரிக்கெட் வர்ணனையிலிருந்தா, தேவாலயப் பிரசங்கத்திலிருந்தா, கார்ட்டூனிலிருந்தா? உங்கள் மேடைக் குரல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை மறைக்க முயன்றால் யாருடைய குரலோ போல ஒலிப்பீர்கள்.

செயின்ட் லூயிஸில் உள்ள வெப்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கப் போனார். பணம் போதாமல் விட்டு வந்தார். பிறகு நோயுற்ற அம்மாவைப் பார்த்துக்கொண்டார். 2002இல் அம்மா இறந்தார். அடுத்த ஆண்டு, டாலஸுக்கு வடக்கே அடிசன் இம்ப்ராவ் காமெடி கிளப்பில் அலுவலக மேலாளர் வேலைக்கு வந்த விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்தார். அங்கிருந்துதான் மேடை.

கிளப் அலுவலக வேலையின் அருமை வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் இதுபோன்ற கிளப்பில் ஒரு வார இறுதிக்கு ஒரே கலைஞர் ஐந்தாறு காட்சிகள் செய்வார்: வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு, சனி இரண்டு, சில இடங்களில் ஞாயிறும் ஒன்று. பார்வையாளர் ஒரு காட்சியோடு வீட்டுக்குப் போய்விடுவார். அங்கே வேலை செய்பவர் ஆறையும் பார்ப்பார். அப்போதுதான் தெரியும், "இப்போதுதான் தோன்றியது" போலச் சொன்ன வரி ஆறு காட்சியிலும் அதே இடத்தில், அதே தடுமாற்றத்தோடு வருகிறது என்று. எந்த வரி வெள்ளி இரவு பத்து மணிக் காட்சியில் படுத்துவிடுகிறது, அதைச் சனிக்கிழமை எப்படி நிமிர்த்துகிறார் என்பதும் தெரியும். யாரை மறுபடி அழைக்கிறார்கள், யாரை அழைப்பதில்லை, ஏன் என்பதும் அலுவலகத்தில்தான் தெரியும். பெரும்பாலும் காரணம் சிரிப்பின் அளவு இல்லை, நேரம் தவறுவது. ஸ்டாண்டப் (தனியாக மேடையில் நின்று பேசும் நகைச்சுவை) தொடங்க நினைப்பவர் ஒரே கலைஞரின் ஒரே செட்டை, அதாவது மேடைப் பேச்சை, நான்கு முறையாவது நேரில் பாருங்கள். நாற்பது பேரை ஒவ்வொரு முறை பார்ப்பதைவிட அதில் கற்பது அதிகம்.

கிளப் ஏணி இப்படி இருக்கும். யாரும் ஏறிப் பேசலாம் என்கிற ஓப்பன் மைக்கில் மூன்று முதல் ஐந்து நிமிடம், சம்பளம் இல்லை. அதற்கு மேலே தொகுப்பாளர், பத்துப் பதினைந்து நிமிடம். அடுத்து நடுவில் வரும் ஃபீச்சர் கலைஞர், இருபது முதல் முப்பது நிமிடம். மேலே ஹெட்லைனர் என்ற முக்கியக் கலைஞர், நாற்பத்தைந்து நிமிடத்திலிருந்து ஒரு மணிநேரம். நேரம் முடியப் போகிறது என்று அறையின் பின்புறத்தில் ஒரு விளக்கு எரியும். அதைப் பார்த்தும் பேசிக்கொண்டே போவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. அடுத்தவரின் நிமிடத்தை எடுத்துக்கொண்டவரை கிளப் மறப்பதில்லை. ஐந்து நிமிட ஆங்கில செட் என்றால் சிரிப்புக்கு இடம் விட்டு 600 முதல் 700 சொல் போதும். ஆயிரம் சொல் எழுதிக்கொண்டு போகிறவர் அவசரப்பட்டுப் பேசி, தன் சிரிப்பைத் தானே மிதித்துக்கொண்டு போவார்.

இனி முக்கியமான இடம். கிறிஸ்டெலாவின் மேடைப் பேச்சில் அம்மா வந்துகொண்டே இருப்பார். கண்டிப்பான, பக்தியுள்ள, எதற்கும் பயப்படுகிற, ஆனால் வாக்குவாதத்தில் தோற்காத அம்மா. அவர் அம்மாவின் குரலிலேயே பேசிக் காட்டுவார். உச்சரிப்பை நடித்துக் காட்டும் நகைச்சுவை மிக எளிதாகக் கெட்டுப்போகும். கூட்டம் எதற்குச் சிரிக்கிறது என்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். அம்மா வாயைத் திறந்ததும், என்ன சொன்னார் என்று தெரிவதற்கு முன்பே சிரிப்பு வந்தால், அவர்கள் சிரிப்பது உச்சரிப்புக்கு. வரி முடிந்த பிறகு வந்தால் அவர் சொன்ன நியாயத்துக்கு. முதல் வகைச் சிரிப்பு வரும்போது நடிப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குரலின் வேகம், நிறுத்தம், பார்வை மட்டும் போதும். அதே வரியை உச்சரிப்பே இல்லாமல் சொல்லிப் பாருங்கள். சிரிப்பு முழுதாகப் போய்விட்டால் அங்கே வரியே எழுதப்படவில்லை என்று பொருள்.

இன்னொன்று, காட்சியில் ஜெயிப்பது யார்? இரு பண்பாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எழுதும் பலவீனமான செட்டுகளில், விவரம் தெரிந்த பிள்ளை ஜெயிப்பார், பட்டிக்காட்டு அம்மா தோற்பார். கூட்டம் ஒருமுறை சிரிக்கும். மூன்றாவது முறை அதற்கே சங்கடமாகிவிடும். கிறிஸ்டெலாவின் அம்மா கதைகளில் பெரும்பாலும் கடைசி வார்த்தை அம்மாவுடையது. படித்த, ஆங்கிலம் தெரிந்த மகள் வாயடைத்து நிற்பார். வெளியார் கண்ணில் மேலே இருப்பவள் வீட்டுக்குள் கீழே. இந்தக் கவிழ்ப்பு தமிழ் வீட்டிலும் நடப்பதுதான். எழுதும்போது மட்டும் மறந்துவிடுகிறோம்.

வறுமையைப் பேசும்போது வேறொரு சிக்கல் வரும். "நாங்கள் கைவிடப்பட்ட கட்டடத்தில் இருந்தோம்" என்று சொன்னால் அறை அமைதியாகிவிடும். "ஐயோ" என்று யாராவது பெருமூச்சு விட்டால் அதற்குப் பிறகு அந்தத் தலைப்பில் சிரிக்க அவர்களுக்குக் கூச்சம். அதனால் கனமான தகவலைச் சொன்ன பத்துப் பதினைந்து வினாடிக்குள் முதல் சிரிப்பு வந்துவிட வேண்டும். சிரிக்கலாம் என்று பேசுபவரே அனுமதி கொடுப்பது அது. அதற்கு நம்பகமான வழி, குழந்தையின் கண்ணால் சொல்வது. குழந்தைக்கு அது வறுமை என்று தெரியாது. அதற்கு அது வீடு, அதன் விதிகள் சாதாரண விதிகள். பெரியவள் தன் குழந்தைப் பருவத்துக்காக இரங்கத் தொடங்கினால் கூட்டமும் இரங்கும், செட் அங்கேயே நின்றுவிடும். அடுத்தது, பொதுவாகப் பேசாதீர்கள். "பணமில்லை" சிரிக்க வைக்காது. எந்தக் கடை, என்ன விலை, எதற்குப் பதிலாக எது வாங்கினார்கள் என்று வரும்போது சிரிக்கும்.

மேடையில் இரண்டு மொழி கலப்பதற்கும் வேலைமுறை உண்டு. கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாத மொழியில் கடைசிச் சொல்லை வைத்தால் பாதி அறைதான் சிரிக்கும்; மீதிப் பாதி சிரித்தவர்களைத் திரும்பிப் பார்க்கும். அந்த அரை வினாடி இழப்பு அடுத்த வரியையும் தின்னும். அதனால் வீட்டு மொழி முன்பகுதியில், சூழலே பொருளைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில் வர வேண்டும்: திட்டு, அழைப்பு, பிரார்த்தனை, சாப்பாட்டுப் பெயர். கவிழ்க்கும் வரி எல்லோருக்கும் தெரிந்த மொழியில். நடுவில் நின்று பொருள் விளக்கினால் பேச்சு வகுப்பாக மாறிவிடும். விளக்கம் தேவைப்பட்டால் அதை எதிர்ப் பாத்திரத்தின் பதிலுக்குள் வையுங்கள். அம்மா தன் மொழியில் கேட்கிறார், மகள் பொதுமொழியில் பதில் சொல்கிறார், கேள்வி என்னவென்று பதிலிலேயே தெரிந்துவிடும்.

சோதிக்க மூன்று விதமான அறை வேண்டும்: வீட்டு மொழி தெரிந்தவர் நிறைந்தது, பாதி தெரிந்தது, ஒருவருக்கும் தெரியாதது. மூன்றிலும் போனில் பதிவு செய்து, சிரிப்பு வந்த இடங்களை மட்டும் எழுத்துப் பிரதியில் குறியுங்கள். முதல் அறையில் மட்டும் சிரித்த வரி அடையாளம் கண்டுகொண்ட மகிழ்ச்சிக்கான சிரிப்பு. அது இனிமையானது, ஆனால் தொலைக்காட்சி செட்டுக்குப் போதாது. மூன்றிலும் சிரித்த வரிதான் முதுகெலும்பு. மூன்றாவது அறையில் மட்டும் சிரித்ததென்றால் கவனமாக இருங்கள். உங்கள் ஆட்கள் சிரிக்காத, வெளியார் மட்டும் சிரிக்கும் வரியில் ஏதோ விற்கப்படுகிறது.

டாலஸிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் போன பிறகு கிறிஸ்டெலா தொலைக்காட்சி எழுத்திலும் மேடையிலும் இணையாக ஓடினார். 2010இல் லாஸ்ட் காமிக் ஸ்டாண்டிங் போட்டி நிகழ்ச்சி, பிறகு கோனன் ஓ'பிரையனின் இரவு நிகழ்ச்சி, 2013இல் காமெடி சென்ட்ரல் சேனலில் அரைமணி நிகழ்ச்சி. இரவு நிகழ்ச்சிக்கான செட் நாலரை, ஐந்து நிமிடம். எழுத்துப் பிரதியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும், ஒப்புக்கொண்ட வரியை அன்றிரவு மாற்ற முடியாது. கிளப்பில் முப்பது வினாடி கட்டி எழுப்பிய கதையை அங்கே பன்னிரண்டு வினாடியில் முடிக்க வேண்டும். பலருக்கு இந்தச் சுருக்கம்தான் தடுக்கிவிடும்: கிளப் செட்டின் முதல் ஐந்து நிமிடத்தை அப்படியே வெட்டிக் கொண்டுபோவார்கள். ஐந்து நிமிடத்துக்குத் தனித் தொடக்கமும் தனி முடிவும் எழுத வேண்டும்.

சிட்காம் கதைக்கு வருவோம். கெவின் ஹென்ச் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய திட்டத்தை ஏபிசி நெட்வொர்க் முதலில் பைலட்டாக (சோதனைக்கான முதல் எபிசோடாக) எடுக்க மறுத்தது. நெட்வொர்க் ஒரு திட்டத்தை வாங்கும்போது சில ஒப்பந்தங்களில், பைலட் எடுக்காவிட்டால் இவ்வளவு தொகை தர வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். வழக்கமாக அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் கலைந்துபோவார்கள். இவர்கள் அந்த அபராதத் தொகையை வைத்து, லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங் தொடரின் அரங்கத்தில், முழு பைலட்டைவிட மிகக் குறைந்த செலவில் ஒரு மாதிரிக் காட்சியைப் படமாக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் 2014 மே மாதம் ஏபிசி தொடரை வாங்கியது. மறுப்பு வந்த கையோடு ஒப்பந்தத்தை மறுபடி படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எழுத்தில் படிக்கும்போது தட்டையாகத் தெரிந்தது, கூட்டத்தின் முன் நடிக்கும்போது உயிர் பெற்றது. மேடையில் வளர்ந்தவரின் பலம் காகிதத்தில் தெரியாது; ஒருமுறையாவது அவரை நடிக்கவிட்டுப் பார்த்தாக வேண்டும்.

தொடரின் பெயர் கிறிஸ்டெலா. டாலஸில் ஆறாம் ஆண்டாகச் சட்டம் படித்துக்கொண்டிருக்கும் பெண், சம்பளமில்லாப் பயிற்சிக்கு ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் சேர்கிறாள். அக்கா வீட்டில் தங்கல். கூடவே அக்கா புருஷன், அம்மா, அடிக்கடி எட்டிப் பார்க்கும் உறவுக்காரப் பையன். கட்டமைப்பைக் கவனியுங்கள். நிரந்தர அரங்கம் முக்கியமாக இரண்டு: வீடு, அலுவலகம். இரு பண்பாட்டு வாழ்க்கையை வசனத்தில் விளக்கவே வேண்டியதில்லை. கதவைத் தாண்டினால் அவள் நிலை மாறுகிறது; அலுவலகத்தில் அவள் அதிகமாக மெக்சிகன், வீட்டில் அதிகமாக அமெரிக்கன். ஒவ்வொரு எபிசோடும் ஒரு அரங்கில் எடுத்த முடிவு மறு அரங்கில் வெடிப்பதாக அமைத்தால் கதை தானே ஓடும். தொடர் எழுத நினைப்பவர்கள் பாத்திரங்களுக்கு முன் அறைகளை முடிவுசெய்து பாருங்கள். தொடரில் அம்மாவின் பெயரும் நத்தாலியா. டெர்ரி ஹோயோஸ் நடித்தார். பெற்ற அம்மா இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கூட்டத்தின் முன் எடுக்கும் சிட்காமின் வாரம் ஐந்து நாள். முதல் நாள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பு. இரண்டாம் நாள் ஒத்திகை, தயாரிப்பாளர்கள் பார்வை. மூன்றாம் நாள் ஸ்டுடியோவும் நெட்வொர்க்கும் பார்த்துக் குறிப்புகள் தருவார்கள். நான்காம் நாள் கேமராவுக்கான இடம் குறிப்பது. ஐந்தாம் நாள் மாலை சுமார் இருநூறு பேர் முன் படப்பிடிப்பு, நான்கு கேமரா. ஒளிபரப்பாவது 21, 22 நிமிடம்தான். எடுக்க மூன்று நான்கு மணிநேரமாகும். ஒவ்வொரு இரவும் திருத்தி எழுதுவார்கள். நடிகை மட்டும் என்றால் ஒத்திகை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். உருவாக்கியவரும் அவரே என்றால் அரங்கிலிருந்து நேராக எழுத்தறைக்கு. இந்த இரட்டை வேலைக்கு ஆயத்தமில்லாமல் போகிறவர்கள் எட்டாவது எபிசோடிலேயே குரலும் தூக்கமும் போய் நிற்பார்கள். அதற்குள் எழுத்தறையில் அவருடைய வீட்டை அறியாதவர்கள் அவருடைய வீட்டை எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

அதைத் தடுக்க முதல் வாரத்திலேயே ஒரு வீட்டுக் குறிப்பேடு தயாரித்துவிட வேண்டும். யார் யாரிடம் எந்த மொழியில் பேசுவார், கோபத்தில் மாறுமா, சுவரில் எந்தச் சாமிப் படம், ஞாயிற்றுக்கிழமை என்ன சமையல், காசு விஷயத்தை யார் முன் பேசக் கூடாது, முத்தமா கட்டிப்பிடிப்பா தலையசைப்பா. நான்கைந்து பக்கம் போதும். உடை, அரங்கம், சாமான் பொறுப்பாளர்களுக்கும் ஒரு பிரதி. பொய்யாகத் தெரியும் வீடு பெரும்பாலும் வசனத்தால் பொய்யாவதில்லை. அடுப்பில் எந்தப் பாத்திரம் இருக்கிறது என்பதில் பொய்யாகிறது.

படப்பிடிப்பு இரவில் ஒரு வலை உண்டு. நகைச்சுவை எடுபடாவிட்டால் எழுத்தாளர்கள் ஒதுங்கி நின்று புது வரி தருவார்கள். இரண்டாவது டேக்கில் அது பெரிய சிரிப்பு வாங்கும். கூட்டம் எதிர்பார்க்காததால் வந்த சிரிப்பு அது, வரி நல்லதென்று பொருளல்ல. எடிட்டிங் மேசையில் பழைய வரியையும் புதிய வரியையும் கதையோடு பொருத்திப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தொடர் 2014 அக்டோபர் 10 அன்று வெள்ளி இரவு எட்டரைக்கு, லாஸ்ட் மேன் ஸ்டாண்டிங்குக்கு அடுத்துத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பலவீனமான இரவு. 22 எபிசோடுகள் வந்தன. 2015 மே மாதம் நெட்வொர்க் நிறுத்திவிட்டது. அது நியாயமான முடிவு என்று நான் நினைக்கவில்லை. ஒரு புதிய குடும்பத்தைப் பார்வையாளர் வீட்டுக்குள் அனுமதிக்க ஒரு சீசன் பெரும்பாலும் போதாது.

அடுத்து 2017இல் பிக்ஸார் நிறுவனத்தின் அனிமேஷன் படம் கார்ஸ் 3. குரூஸ் ராமிரெஸ் என்ற மஞ்சள் காருக்குக் குரல் கொடுத்தார். படத்தை உருவாக்கியவர்கள் அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவரிடம் பேசி, அந்தப் பாத்திரத்தை வளர்த்தார்கள். பந்தயக் காராக ஆசைப்பட்டு, முதல் பந்தயத்தில் மற்றக் கார்களைப் பார்த்து "இது என் இடமில்லை" என்று திரும்பிவிட்டு, பிறருக்குப் பயிற்சி தருபவளாக இருந்துவிட்ட பாத்திரம் அது. அனிமேஷனில் கதை ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கும். குரல் கலைஞரைத் திரும்பத் திரும்ப அழைத்துப் பதிவுசெய்வார்கள், எதிரே நடிகர் இல்லாமல், சிரிப்பும் இல்லாமல். ஸ்டாண்டப்காரருக்கு இந்த மௌனம் முதலில் கஷ்டம். ஒவ்வொரு வரியையும் மூன்று வேகத்தில் கொடுத்துவிட்டு நகர்வதுதான் நடைமுறை.

2019இல் வந்த அவருடைய நினைவுக்குறிப்பு நூலில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாட்டை ஒட்டி நிற்கிறது. நினைவை எழுத உட்கார்ந்து தேதியில் தடுக்கி நிற்பவர்களுக்கு இது கைகொடுக்கும் முறை: அந்த ஆண்டு வானொலியில் ஓடிய பாட்டைப் பிடித்தால், அது ஒலித்த அறை, அறையில் இருந்தவர்கள் என்று ஒவ்வொன்றாக வரும்.

நெட்ஃபிளிக்ஸில் அவருடைய மூன்று மேடை நிகழ்ச்சிகள்: 2017இல் லோயர் கிளாஸி, 2022இல் மிடில் கிளாஸி, 2025இல் அப்பர் கிளாஸி. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஐந்து ஆண்டுகள். 2016 தேர்தலுக்குப் பிறகு மேடையைக் குறைத்துக்கொண்டு, குடியேற்றம், மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசும் பொதுவேலைகளில் இறங்கியிருந்தார். திரும்பி வந்தபோது ஏழைப் பெண்ணாக நடிக்க முடியாது. கையில் பணம் இருந்தது. பல கலைஞர்கள் இந்த இடத்தில்தான் வறண்டுபோகிறார்கள், பழைய வறுமையையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு. அவர் எடுத்தது நிகழ்காலத்தை: காப்பீடு கிடைத்த பிறகு வளர்ந்த வயதில் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் போகும் ஒருத்தி, சுகமாக இருப்பதற்கே பழகத் தெரியாமல் தவிப்பதை. 

பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வரிசை. முதலில் லோயர் கிளாஸி, ஒருமுறை சிரிக்க. மறுமுறை ஒலியை மட்டும் கேட்டு, அம்மா பேசும் வரிகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, சிரிப்பு எந்தச் சொல்லுக்குப் பின் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிட்காமின் முதல் எபிசோடு. மேடையில் ஒரே உடலில் இருந்த அம்மாவும் மகளும் இரண்டு நடிகைகளாகப் பிரியும்போது எந்த வரிகள் அம்மாவிடம் போயின, எவை மகளிடம் நின்றன என்று பாருங்கள். கடைசியாக மிடில் கிளாஸி.